எழுத்து மட்டும் பெரிதாகட்டும், படம் அப்படியே இருக்கட்டும்: போட்டோ எடிட்டிங் மென்பொருளில் மெனு எழுத்தளவை மாற்றும் முறை

27 அங்குல 4கே திரையில் போட்டோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். பக்கத்தில் உள்ள லேயர் பெயர்களும் ஸ்லைடர் எண்களுமோ எறும்பு ஊர்ந்ததுபோல் தெரியும். கண்ணாடியை மாற்ற ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் தப்பான இடத்தில் கை வைத்தால் எழுத்தோடு சேர்ந்து படமும் கெட்டுப்போகும். எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கே பேசுவது மெனு, பேனல், பட்டன் இவற்றில் தெரியும் எழுத்தைப் பற்றி. டைப் டூலால் படத்தின்மேல் எழுதும் எழுத்து வேறு. புதியவர்கள் சிலர் மெனு எழுத்து பெரிதாகும் என்று நினைத்து இமேஜ் சைஸ் பெட்டியில் ரெசல்யூஷன் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். மெனு அதனால் ஒரு இம்மியும் அசையாது. மாறாக, ரீசாம்பிள் என்ற பெட்டியில் டிக் இருந்தால் படத்தின் பிக்சல் எண்ணிக்கையே மாறிப்போகும்.

ஏன் இவ்வளவு சிறிதாகிறது?

விண்டோஸில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பது பழைய கணக்கு. 24 அங்குல முழு எச்டி திரையில், அதாவது 1920×1080இல், அங்குலத்துக்கு 92 பிக்சல் வரும். கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. 12 பிக்சல் உயர எழுத்து அங்கே 3.3 மி.மீ. உயரம் இருக்கும். 27 அங்குல 4கே திரையில் (3840×2160) அங்குலத்துக்கு 163 பிக்சல். அதே எழுத்து 1.9 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். 15.6 அங்குல 4கே மடிக்கணினியில் அங்குலத்துக்கு 282 பிக்சல், எழுத்து 1.1 மி.மீ.தான். பிக்சல் எண்ணிக்கை எங்கும் 12தான்; பிக்சல்தான் குட்டியாகிவிட்டது.

உங்கள் திரைக்கு எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று தெரிய, அங்குலத்துக்கான பிக்சலை 96ஆல் வகுத்துப் பாருங்கள். 163க்கு 1.7 வரும். 150 அல்லது 175 சதவீதம் சரியாக இருக்கும். மடிக்கணினியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம் என்பதால் கணக்கில் வருவதைவிட ஒரு படி குறைவாக வைத்தாலும் போதும்.

கணக்கு வேண்டாம் என்றால் மி.மீ. அளக்கும் அடி ஸ்கேலை எடுங்கள். வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து, ஸ்லைடருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத் தலையை முன்னே நீட்டாமல் வாசியுங்கள். முடியவில்லை என்றால் அந்த எண்ணின் உயரத்தைத் திரையிலேயே அளந்து பாருங்கள். 60 செ.மீ. தூரத்தில் 2 மி.மீ.க்குக் கீழே உள்ள எண்ணை மணிக்கணக்கில் பார்த்தால் கண் கடுக்கும். லேயர்களுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். சின்ன அளவில் ‘ி’, ‘ீ’ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ‘ன’, ‘ண’ கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

செய்யக் கூடாதது: திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பது

எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று 3840×2160 திரையை 1920×1080க்கு இறக்குபவர்கள் உண்டு. எழுத்து பெரிதாகும், உண்மைதான். ஆனால் வாங்கிய நான்கு பிக்சலில் மூன்றை வீணடிக்கிறீர்கள். 2560×1440க்கு இறக்கினால் அதைவிட மோசம்: ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலில் பரப்ப வேண்டியிருப்பதால் எல்லாமே லேசாகக் கலங்கித் தெரியும். ஷார்ப்னஸ் சரியாக இருக்கிறதா, நாய்ஸ், அதாவது மணல்போன்ற புள்ளிகள், எவ்வளவு என்று பார்க்க 100 சதவீத ஜூம் வைத்தாலும் நீங்கள் பார்ப்பது உண்மையான படம் அல்ல. கலங்கலைச் சரிசெய்வதாக நினைத்து ஷார்ப்பனிங்கை ஏற்றிவிடுவீர்கள்; பிரின்ட் எடுக்கும்போதுதான் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு ஓடியிருப்பது தெரியும்.

ரெசல்யூஷன் எப்போதும் திரையின் சொந்த அளவில், விண்டோஸில் ‘ரெக்கமண்டட்’ என்று காட்டும் அளவில் இருக்கட்டும். முதலில் மென்பொருளின் சொந்த செட்டிங்கைப் பாருங்கள். அது போதாவிட்டால் இயங்குதளத்தின் ஸ்கேல். அதுவும் ஒத்துழைக்காத பழைய நிரலுக்கு மட்டும் கடைசியாகக் கம்பாட்டிபிலிட்டி வழி.

போட்டோஷாப்

1. கன்ட்ரோல் விசையோடு கே அழுத்துங்கள். மேக்கில் கமாண்டோடு கே. பிரிஃபரன்சஸ் பெட்டி திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் இன்டர்ஃபேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. யூஐ ஃபான்ட் சைஸ் என்ற இடத்தில் டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ் என நான்கு அளவுகள் இருக்கும். ஒரே தாவலில் லார்ஜுக்குப் போகாமல் முதலில் மீடியம் வையுங்கள்.

3. அதையடுத்து ஸ்கேல் யூஐ டூ ஃபான்ட் என்ற டிக் பெட்டி. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிக் இல்லாவிட்டால் எழுத்து மட்டும் வளரும். டூல் ஐகான்களும் பட்டன்களும் பழைய அளவிலேயே நிற்கும். டிக் போட்டால் எழுத்தின் விகிதத்துக்கு எல்லாமே வளரும்.

4. ஓகே கொடுத்து, போட்டோஷாப்பை முழுவதும் மூடித் திரும்பத் திறங்கள்.

நான்காவது படியில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஓகே கொடுத்ததும் ஒன்றும் மாறாது. வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று லார்ஜுக்கு மாற்றி, இன்னும் இரண்டு இடத்தில் கை வைத்துவிடுவார்கள். அடுத்த முறை திறக்கும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பூதாகாரமாக வந்து நிற்கும். ஒன்றை மாற்றுங்கள், மூடித் திறங்கள், பாருங்கள், அப்புறம் அடுத்தது.

விண்டோஸில் அதே பக்கத்தில் யூஐ ஸ்கேலிங் என்றும் ஒன்று உண்டு. ஆட்டோ என்றே இருக்கட்டும். அப்போது விண்டோஸின் ஸ்கேல் எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். கையால் 200 சதவீதம் வைத்தால் சிறிய திரையில் பேனல்கள் படத்துக்கு இடமே விடாது. போட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 1280×800 திரை வேண்டும் என்று அடோபி சொல்வது 100 சதவீத யூஐ ஸ்கேலிங்கில். 1920×1080 திரையை 200 சதவீதத்தில் வைத்தால் மிஞ்சும் இடம் 960×540தான். அந்தக் குறைந்தபட்ச அளவே இல்லை.

எழுத்து வளர்ந்தபின் மேலே உள்ள ஆப்ஷன்ஸ் பாரின் வலது ஓரத்தில் சில பட்டன்கள் காணாமல் போயிருக்கலாம். அவை அழிந்துவிடவில்லை, இடமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கின்றன. விண்டோவை முழுத்திரை ஆக்குங்கள். டூல்பார் கீழே நீண்டு போய்விட்டால் அதன் தலையில் உள்ள இரட்டை அம்புக்குறியைச் சொடுக்குங்கள். ஒரு வரிசை இரண்டு வரிசையாகும்.

லைட்ரூம் கிளாசிக்

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் இன்டர்ஃபேஸ் தாவல், பேனல்ஸ் பகுதியில் ஃபான்ட் சைஸ். இங்கும் மூடித் திறந்தால்தான் மாறும். மேக்கில் பிரிஃபரன்சஸ் லைட்ரூம் மெனுவின் கீழ் இருக்கும்.

அளவை ஏற்றியதும் டெவலப் பேனல் கீழே கீழே நீளும். பேசிக் பகுதியிலிருந்து எஃபெக்ட்ஸ் வரை போக விரல் தேயச் சுருட்ட வேண்டியிருக்கும். இதற்கு நல்ல மருந்து சோலோ மோட். ஏதாவது ஒரு பேனலின் தலைப்பில் வலது சொடுக்கு செய்து சோலோ மோட் தேர்ந்தெடுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றவை தாமாக மூடிக்கொள்ளும். பேனலின் உள்விளிம்பைப் பிடித்துப் படத்தின் பக்கம் இழுத்தால் பேனல் அகலமாகும்; ஸ்லைடரும் நீளும். நீண்ட ஸ்லைடரில் சிறுகச் சிறுக நகர்த்துவது எளிது. எழுத்து பிரச்சினை இல்லாதவர்களும் இதைச் செய்துகொள்ளலாம்.

கிம்ப்

கிம்ப்பில் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து வழியே வேறு. ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதைச் சொடுக்கிப் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் வந்த 3.0 என்றால் வேலை சுலபம். எடிட், பிரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், தீம் என்று போங்கள். ஃபான்ட் ஸ்கேலிங் என்ற ஸ்லைடர் இருக்கும். இழுத்தால் எழுத்து அங்கேயே மாறும். மூடித் திறக்கத் தேவையில்லை. அதே பக்கத்தில் தீம் (மென்பொருளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பு) சொல்லும் ஐகான் அளவை மீறுவதற்கான டிக் பெட்டி ஒன்று உண்டு. அதை இயக்கினால் ஐகானைச் சிறியது முதல் மிகப் பெரியது வரை நான்கு அளவுகளில் வைக்கலாம். ஸ்லைடரை இழுத்தும் எழுத்து அசையவில்லை என்றால் நீங்கள் வேறெங்கிருந்தோ இறக்கிப் போட்ட தீம்தான் காரணம். எழுத்தளவை மாறா எண்ணாக எழுதிவைத்திருக்கும் தீமில் இந்த ஸ்லைடர் செல்லாது. கூடவே வரும் டீஃபால்ட் தீமுக்கு மாறிப் பாருங்கள்.

2018இல் வந்த 2.10 பதிப்பில் ஐகானுக்கு மட்டும் வசதி உண்டு: இன்டர்ஃபேஸ், ஐகான் தீம் பக்கத்தில் கஸ்டம் ஐகான் சைஸ். எழுத்துக்கு ஸ்லைடர் கிடையாது. தீம் கோப்பைத் திருத்த வேண்டும். கேட்கத்தான் பயமாக இருக்கும், செய்தால் பத்து நிமிட வேலை.

கிம்ப் நிறுவப்பட்டிருக்கும் இடத்தில் தீம்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் நீங்கள் பயன்படுத்தும் தீமின் ஃபோல்டரை, எடுத்துக்காட்டாக டார்க் என்பதை, அப்படியே காப்பி செய்யுங்கள். எங்கே ஒட்டுவது என்பதை கிம்ப்பே காட்டும்: பிரிஃபரன்சஸில் ஃபோல்டர்ஸ், அதற்குள் தீம்ஸ். அங்கே காட்டும் உங்கள் சொந்த ஃபோல்டரில் ஒட்டிவிட்டுப் பெயரை மாற்றுங்கள். உள்ளே ஜிடிகேஆர்சி (gtkrc) என்ற கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால், மேல்பகுதியிலேயே எழுத்துருவின் பெயரும் அளவும் கொண்ட ஒரு வரி ஹேஷ் குறியோடு தொடங்கும். அந்த ஹேஷ் குறியை நீக்கி, 10 என்ற எண்ணை 12 அல்லது 13 ஆக்கிச் சேமியுங்கள். பிறகு பிரிஃபரன்சஸின் தீம் பட்டியலில் உங்கள் பெயரிட்ட தீமைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றும் மாறாவிட்டால் முதலில் அந்த ஹேஷ் குறியைப் பாருங்கள். அது இருக்கும்வரை அந்த வரியை கிம்ப் வெறும் குறிப்பாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் குறியை விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. மூலக் கோப்பையே திருத்தாமல் காப்பி எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மூலக் கோப்பு மேலெழுதப்பட்டு உங்கள் திருத்தம் போய்விடும்.

டார்க்டேபிள், ராதெரபி, அஃபினிட்டி

டார்க்டேபிளில் வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரத்தைச் சொடுக்கினால் பிரிஃபரன்சஸ் வரும். ஜெனரல் பகுதியில் யூஸ் சிஸ்டம் ஃபான்ட் சைஸ் என்ற டிக்கை எடுத்தால்தான் அதன் கீழே உள்ள எழுத்தளவு எண் செல்லுபடியாகும். டிக் இருக்கும்போது எண்ணை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. எழுத்தோடு ஸ்லைடர், பட்டன் எல்லாமே வளர வேண்டும் என்றால் அருகிலேயே உள்ள டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் இயல்பு 96. 120 வைத்தால் கால் பங்கு வளரும். 144 வைத்தால் ஒன்றரை மடங்கு. குழப்பிக்கொண்டால் -1 வையுங்கள். கணினியின் சொந்த எண்ணுக்குத் திரும்பிவிடும்.

ராதெரபியில் பிரிஃபரன்சஸின் ஜெனரல் தாவலில் அப்பியரன்ஸ் பகுதி. எழுத்துருவையும் அளவையும் அங்கேயே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். அஃபினிட்டி போட்டோவில் யூசர் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் டீஃபால்ட், லார்ஜ் என்று இரண்டே அளவுகள்தான். லார்ஜும் போதாதவர்கள் இயங்குதளத்தின் ஸ்கேலைத்தான் நம்ப வேண்டும்.

பிரவுசரில் ஓடும் எடிட்டர்களில் ஒரு சங்கடம்: கன்ட்ரோலோடு பிளஸ் அழுத்தினால் பிரவுசருக்குப் போக வேண்டிய கட்டளையை எடிட்டரே பிடித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கக்கூடும். அப்போது பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து அங்குள்ள ஜூமை மாற்றுங்கள்.

இயங்குதளத்தில் மாற்றுவது

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, ஸ்கேல். 100, 125, 150, 175 என்று படிகள் இருக்கும். புதிய திரைகளைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இந்த எண்ணைக் கேட்டுத் தன் மெனுவைப் பெரிதாக வரையும். படத்தை மட்டும் பிக்சலுக்குப் பிக்சல் அப்படியே காட்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அங்கேயே கஸ்டம் ஸ்கேலிங் என்று உங்கள் இஷ்டத்துக்கு ஓர் எண் கொடுக்கும் பெட்டியும் உண்டு. அதில் கை வைக்க வேண்டாம். நீங்கள் கொடுக்கும் எண் இணைத்துள்ள எல்லாத் திரைக்கும் சேர்த்துப் பாயும். மாற்றினால் சைன் அவுட் செய்து வர வேண்டும். திரும்ப எடுக்கும்போதும் அதே கதை.

அக்சஸிபிலிட்டி பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் என்று 225 சதவீதம் வரை போகும் ஸ்லைடர் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நாம் தேடுவது இதுதான் என்று தோன்றும். விண்டோஸின் சொந்த எழுத்துகள் இதற்குக் கட்டுப்படும். தங்கள் மெனுவைத் தாங்களே வரையும் எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் இதைச் சட்டை செய்யாது.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்பிளேஸ். லார்ஜர் டெக்ஸ்ட் என்ற பக்கம் போனால் எழுத்து பெரிது, இடம் குறைவு. ஒரு நுணுக்கம் உண்டு. 27 அங்குல 4கே திரையில் 2560×1440 போலத் தெரியும் அளவைத் தேர்ந்தெடுத்தால், மேக் உள்ளுக்குள் 5120×2880இல் வரைந்து, அதை 3840×2160க்குச் சுருக்கிக் காட்டுகிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் 100 சதவீத ஜூமில் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் சரியாக உட்காராது. வண்ணம் திருத்த இது தடையல்ல. ஷார்ப்னஸைத் தீர்மானிக்கும் வேளையில் மட்டும் 1920×1080 போலத் தெரியும் அளவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துவோர் ட்வீக்ஸ் செயலியில் ஃபான்ட்ஸ் பக்கத்தில் ஸ்கேலிங் ஃபேக்டரை 1.25 ஆக்கிப் பாருங்கள். கிம்ப், டார்க்டேபிள் இரண்டுமே அதற்கு இசைந்து வரும்.

எதற்கும் மசியாத பழைய நிரலுக்கு

விண்டோஸில் அந்த நிரலின் ஐகானில் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி தாவல், சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். திறக்கும் பெட்டியின் அடியில் ஓவர்ரைடு என்று தொடங்கும் டிக்கைப் போட்டால் மூன்று தேர்வுகள் வரும். அப்ளிகேஷன் என்றால் விண்டோஸ் தலையிடாது. எழுத்து குட்டியாகவே இருக்கும், படம் சுத்தமாக இருக்கும். சிஸ்டம் என்றால் நிரல் வரைந்து முடித்த முழு விண்டோவையும் விண்டோஸ் ஒரு போட்டோவைப்போல இழுத்துப் பெரிதாக்கும். எழுத்து வளரும், கூடவே உங்கள் படமும் இழுபட்டுக் கலங்கும். மூன்றாவதான சிஸ்டம் என்ஹான்ஸ்டு, சில பழைய நிரல்களில் எழுத்தை மட்டும் கூர்மையாக வரையும். கிராபிக்ஸ் கார்டு வழியாக வரையும் நிரல்களில் பலன் இராது. ஆக, சிஸ்டம் தேர்வைப் படத்தைத் தேடி எடுக்கவும் பெயர் மாற்றவும் பயன்படும் நிரல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ப்பனிங் செய்யும் நிரலுக்கு வேண்டாம்.

படம் இழுபடுகிறதா? கட்டம் போட்டுப் பாருங்கள்

எதை மாற்றினாலும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கிம்ப்பில் 800×800 பிக்சலில் புதுப்படம் ஒன்றைத் திறந்து, ஃபில்டர்ஸ், ரெண்டர், பேட்டர்ன், செக்கர்போர்டு என்று போய்க் கட்டத்தின் அகலம், உயரம் இரண்டையும் 1 ஆக்குங்கள். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகை கிடைக்கும். பிஎன்ஜி ஆக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் கூடாது, அழுத்தத்தில் கட்டம் குழைந்துவிடும்.

இந்தக் கோப்பை நீங்கள் சோதிக்கும் மென்பொருளில் 100 சதவீத ஜூமில் திறங்கள். போட்டோஷாப்பில் கன்ட்ரோலோடு 1, கிம்ப்பில் வெறும் 1. படம் முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறமாக, கிட்டப் போய்ப் பார்த்தால் மெல்லிய மணல்போலத் தெரிந்தால் எல்லாம் சரி. பட்டை பட்டையாக, அலை அலையாக, பட்டுத்துணி மடிப்புபோலத் தெரிந்தால் எங்கோ படம் இழுபடுகிறது. திரை ரெசல்யூஷன், கம்பாட்டிபிலிட்டி டிக், மேக்கின் இடைப்பட்ட அளவு என்ற வரிசையில் தேடுங்கள். கிம்ப்பில் மட்டும் அலை வந்தால் வியூ மெனுவில் டாட் ஃபார் டாட் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால்

எழுத்தை அளவுக்கு மீறி வளர்த்துவிட்டு, திரும்பக் குறைக்கப் போனால் பிரிஃபரன்சஸ் பெட்டியின் ஓகே பட்டன் திரைக்கு வெளியே போயிருக்கும். 1366×768 மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். 125 சதவீதத்திலேயே அங்கே மிஞ்சுவது சுமார் 1093×614தான். பதற வேண்டாம். மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு என்டர் அழுத்துங்கள். பெரும்பாலான பெட்டிகளில் என்டர்தான் ஓகே, எஸ்கேப்தான் கேன்சல். பெட்டியையே நகர்த்த வேண்டுமானால் ஆல்ட்டோடு ஸ்பேஸ் அழுத்தி, எம் அழுத்தி, அம்புக்குறி விசைகளால் மேலே தள்ளுங்கள்.

போட்டோஷாப் அதற்கும் வழிவிடாவிட்டால், திறக்கும் நொடியிலேயே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். செட்டிங்ஸ் கோப்பை அழிக்கலாமா என்று கேட்கும். சம்மதித்தால் எழுத்தளவு பழைய நிலைக்கு வரும். கூடவே கலர் செட்டிங்ஸ் உட்பட நீங்கள் செய்துவைத்த மற்ற விருப்பங்களும் போய்விடும். ஆகவே இது கடைசி ஆயுதம்.

இரண்டு திரை வைத்திருப்பவர்கள், ஒன்று 150 சதவீதத்திலும் இன்னொன்று 100 சதவீதத்திலும் இருந்தால், எடிட்டிங் விண்டோவை அங்குமிங்கும் இழுக்காமல் ஒரே திரையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாகத் தன்னை மாற்றிக்கொள்ளத் தெரியாத நிரல்கள் இரண்டாவது திரையில் கலங்கித் தெரியும். முக்கியத் திரையை மாற்றினால், சைன் அவுட் செய்து வந்தபின் நிரலைத் திறங்கள்.

கிம்ப் 2.10இல் தீம் கோப்பைத் திருத்தியவர்கள் 3.0க்கு ஏறும்போது அந்தத் திருத்தம் அவர்களோடு வராது. பழைய தீம்களின் வடிவமே புதிய பதிப்புக்குப் புரியாது. பழைய ஃபோல்டரைப் புதிய இடத்தில் ஒட்டிப் பார்த்து நேரத்தை விடாமல் நேரே ஃபான்ட் ஸ்கேலிங் ஸ்லைடருக்குப் போய்விடுங்கள்.